கறவை மாட்டின் இனமும் பால் வளமும்

கோலா கங்சார் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத்தோடு கறவை மாடும் பாட்டாளிக் குடும்பங்களுக்குத் துணையாக இருந்து வந்துள்ளது. இரசாயன உரமிடாத புல்லைக் கொண்டு இயற்கை முறையில் மாடு வளர்க்க விரும்புவோர் முதற்கண் கருத வேண்டியது அதன் இனமாகும்.

குளிர்நாட்டு ஃபிரீசியன் மாடு மிகுதியாகப் பால் தரும். ஆயின் வெப்பம் 25 பாகை செல்சியசைக் கடந்தால் அது தளரத் தொடங்கும், மேய்ச்சல் குறையும், பாலும் குறையும். செறிவான தீவனம் கிடையாவிடின் தன் உடற்கொழுப்பைக் கரைத்தே பால் சுரக்கும். அதனால் மெலிந்து, சினைப்படவும் தாமதிக்கும்.

இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த நாட்டுக் கறவை மாடுகளோ வெயிலையும் உண்ணியையும் தாங்கும். புல்லை உண்டே வாழும். பால் குறைவாயினும் அதில் கொழுப்புச் சத்து மிகுதி.

இவ்விரு நலன்களையும் இணைக்கும் பொருட்டு, 1970ஆம் ஆண்டுகளில் சாகிவால்-ஃபிரீசியன் கலப்பின மாடுகள் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்பட்டன. அக்கலப்பின் வழியே கால்நடை மருத்துவ இலாகா ‘மாஃபிரிவால்’ இனத்தை உருவாக்கியது. எனினும், கலப்பினப் பசுவைத் தலைமுறைதோறும் ஃபிரீசியனோடே சேர்த்தால் வெப்பம் தாங்கும் ஆற்றல் குன்றிவிடும்.

ஆகவே, ஒரு நாள் கறவையை மட்டும் கண்டு விலை பேசுதல் தகாது. நாளொன்றுக்குப் பல லிட்டர் கறந்தாலும், தவறாமல் கன்று ஈனாத மாடு சேமிப்பைக் கரைத்துவிடும். எவ்வினமாயினும், களைக்கொல்லி தெளித்த இடத்துப் புல்லை அறுத்துப் போடலாகாது. வாங்குமுன் கால்நடை மருத்துவ இலாகா அதிகாரிகளைக் கலந்தாலோசித்தல் நலம்.