நீர்ச்செடித் தொட்டிக்கு ஏற்ற விளக்கு

கண்ணாடித் தொட்டியில் மீன்களோடு நீர்ச்செடிகளையும் வளர்க்க விரும்பும் அன்பர்கள் என்னிடம் முதலிற் கேட்பது, “எத்தனை வாட் விளக்கு வாங்கலாம்?” என்பதே. கேள்வியே பொருந்தாது என்று சொன்னால் சிலர் முகம் வாடிவிடுகின்றனர். ஆயினும் உண்மை அதுதான்.

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி அது உமிழும் ஒளியின் அளவன்று. குழல் விளக்குகளே வழங்கிவந்த காலத்தில், அவை யாவும் ஏறத்தாழ ஒரே தன்மையனவாய் இருந்தமையால், வாட் கணக்கு ஓரளவு பயன்பட்டது. எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் அக்கணக்குச் செல்லாக்காசாகிவிட்டது. விளக்குப் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் ‘லூமன்’ எண் அதைவிட மேலானது. ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. லூமன் மனிதக் கண்ணை ஒட்டி வகுக்கப்பட்ட அளவை. நம் கண் 555 நானோமீட்டர் அளவிலுள்ள மஞ்சள் கலந்த பச்சை ஒளியையே மிகுதியாக உணர்கின்றது. செடியின் பசி வேறு.

அப்பசியை முதலில் ஆராய்ந்தோருள் ஒருவர் ஒல்லாந்து நாட்டவரான ஜான் இங்கன்ஹவுஸ். நீரில் அமிழ்ந்த இலைகள் வெளிச்சத்தில் வாயுக் குமிழிகளை விடுவதையும், இருளில் அவ்வாறு விடாமையையும் அவர் 1779-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். நம் பள்ளிகளில் ஹைட்ரில்லாக் கொடியைப் புனலுக்குள் வைத்து, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்துக் காட்டும் பாடம் அந்த வழியில் வந்ததே. விளக்கை அருகில் கொணர்ந்தால் குமிழிகள் விரைந்து வரும். தள்ளி வைத்தால் குறையும். எந்த நிறம் செடிக்கு உகந்தது என்பதை 1882-இல் ஜெர்மானிய அறிஞர் எங்கல்மான் அழகாகக் காட்டினார். பாசி இழையொன்றின்மீது ஏழு நிற ஒளியையும் பிரித்து விழச்செய்து, பிராணவாயுவை நாடும் நுண்ணுயிர்கள் எங்கே திரள்கின்றன என்று பார்த்தார். அவை சிவப்பிலும் நீலத்திலும் மொய்த்தன. பச்சை ஒளி முற்றிலும் வீண் என்பதன்று. பயன் சற்றுக் குறைவு, அவ்வளவே.

ஆகவே ஊதா நிறத்தில் ஒளிரும் சிறப்பு விளக்குக்குப் பெரும்பணம் கொடுக்கவேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இன்றைய வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளி தரும் சில்லின்மேல் ஒளிர்பொருள் பூசப்பட்ட அமைப்பு. நீலம் அதில் நிறைய உண்டு. பூச்சின் வழியே சிவப்பும் கிடைக்கின்றது. பெட்டியில் 5000 முதல் 7000 கெல்வின் வரை குறித்திருந்தால் போதும். 6500 என்பது பகலொளியை ஒத்தது. மீனின் நிறமும் அதில் இயல்பாகத் தோன்றும்.

இனி அளவைப் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 36 உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளும். நிழற்செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் என்பது அனுபவக் கணக்கு. எனவே 650 முதல் 1300 லூமன் வேண்டும். வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி.யாயின் 7 முதல் 13 வாட்டில் வேலை முடிந்துவிடும்! தொட்டி ஆழமாயின் சற்றுக் கூட்டவேண்டும். தரையில் கம்பளம்போற் படரும் செடிகளுக்கும் சிவந்த இலைச் செடிகளுக்கும் 40 லூமனுக்கு மேலும் தேவைப்படும். ஆனால் அவ்வளவு ஒளியைக் கொடுப்பவர் கரியமிலவாயுவையும் உரத்தையும் கூடவே கொடுக்கவேண்டும். எது குறைவோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை கட்டும் என்று உழவுக்கு லீபிக் என்னும் வேதியியலார் பரப்பிய விதி தொட்டிக்கும் பொருந்தும். செடி உண்ணாத ஒளியைப் பாசி உண்டுவிடும்.

இதனை நான் நூலிற் கற்றேனில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் தோட்ட எல்லையிலுள்ள ஓடையிலிருந்து கிரிப்டோகொரைன் என்னும் செடிகளைக் கொண்டுவந்து பள்ளித் தொட்டியில் நட்டனர். மலேசியக் காட்டு ஓடைகளுக்கு உரிய செடி அது. “வெளிச்சம் கூடினால் செடி செழிக்கும்” என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, கடையிலிருந்தவற்றுள் பிரகாசமான விளக்கை வாங்கினேன். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை எரியவிட்டோம். மூன்றாம் வாரத்தில் கண்ணாடி முழுதும் பச்சை, தண்டெல்லாம் நூற்பாசி. இலைகள் கூழாகிக் கரைந்தன. தொட்டியைக் கொட்டிவிடலாம் என்று சொன்னவன் நான்தான்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, அது இருந்த இடத்தில மத்தியானம்கூட இருட்டாத்தானே இருக்கும்?” என்றாள். கற்பிக்குமுன் கவனி என்று ஆசிரியப் பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தப் பாடம் அன்று அவளிடமே இருந்தது.

சிறிய விளக்காக மாற்றினோம். நேரத்தை ஆறு மணியாகக் குறைத்தோம். நீர்மேல் கொஞ்சம் ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டு நிழல் உண்டாக்கினோம். கிரிப்டோகொரைன் சூழல் திடீரென மாறினால் இலையை இழக்கும். வேர் பெரும்பாலும் சாவதில்லை. ஒரு மாதத்திற்குள் மண்ணிலிருந்து புதுத்தளிர் எழுந்தது. அதன்பின் ஓடைக்கரை மரங்கள் செம்பனை மறுநடவுக்காக வெட்டப்பட்டன. நீர் சேறாயிற்று, அங்கே அச்செடியை நாங்கள் மீண்டும் காணவில்லை. அவ்வோடையின் செடியாக இன்று எங்களிடம் இருப்பது அத்தொட்டியிலுள்ளதே. அதனால்தான் விளக்கைப்பற்றி இவ்வளவு கவலை.

சாளரத்தருகே தொட்டியை வைத்துச் சூரியனையே விளக்காக்கலாமே என்பர் சிலர். நேர்வெயில் சிறிய தொட்டியின் நீரைச் சுடவைத்துவிடும். பாசியும் நம் கட்டுக்குள் நில்லாது. விளக்கே நன்று. புதிய தொட்டிக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் போதும். செடி வேரூன்றியபின் 8 வரை கூட்டலாம். ஆளை நம்பாமல் டைமர் கருவியைப் பொருத்துவது நலம். விடுமுறை நாளிலும் அது மறவாது. மின்கம்பி, செருகியைவிடத் தாழ்ந்து வளைந்து தொங்கவேண்டும். கம்பி வழியே இறங்கும் நீர் செருகியை எட்டாமல் கீழே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துக.

மூடிக் கண்ணாடியில் படியும் உப்புக்கறையும் தூசியும் ஒளியில் கணிசமான பங்கைத் தடுத்துவிடுகின்றன. புது விளக்கு வாங்க எண்ணுவோர் முதலில் அதைத் துடைத்துப் பார்க்கலாம். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் அது ஐந்தாம் ஆண்டு மாணவர் பொறுப்பு.