குளிர்ச்சி வேறு, உறைவு வேறு
வெயிலில் பயணம் செய்யும்போது இன்சுலினைக் காப்பது எப்படி?

தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நிரம்பி வழிகிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சாதாரண நாளில் நான்கைந்து மணி நேரத்தில் போய்ச் சேரலாம். பெருநாள் நெரிசலில் அது இரட்டிப்பாகவும் கூடும். துணிமணி, பலகாரம், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அடுக்கும் குடும்பங்களில், வீட்டுப் பெரியவரின் இன்சுலின் மட்டும் கடைசி நேரத்தில் கையில் அகப்பட்ட பைக்குள் போய்விடுகிறது. அந்தப் பை காரின் பின்பெட்டிக்குப் போகிறது. அல்லது, கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ஐஸ் கட்டிகளின் நடுவே புதைக்கப்படுகிறது. இரண்டுமே தவறு.

இது ஒரு சிலரின் பிரச்சினை அல்ல. மலேசிய சுகாதார அமைச்சு 2023இல் நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. ஆறு பேரில் ஒருவர் என்று சொல்லலாம். இதற்கு முன் 2019இல் நடந்த ஆய்வில் இந்தியர்களிடையே இந்த விகிதம் 30 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. வீடுகளில் "இனிப்பு நீர்" என்று சொல்லப்படும் இந்த நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் இல்லாத குடும்பங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே, இன்சுலினைப் பயணத்தில் பாதுகாக்கும் முறையை நோயாளி மட்டுமல்ல, வீட்டில் உள்ள அனைவருமே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்சுலின் ஏன் கெடுகிறது?

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் சேர்ந்து குறிப்பிட்ட ஒரு வடிவில் மடிந்திருப்பதால்தான் அது உடலில் வேலை செய்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். சூடு பட்டால் அது வெளுத்துக் கட்டியாகிறது. மறுபடி ஆற வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இன்சுலினும் அப்படித்தான். வடிவம் குலைந்துவிட்டால் அதை மீட்க வழியில்லை.

ஆனால் வெப்பத்துக்கும் உறைவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வெப்பம் இன்சுலினைப் படிப்படியாகக் கெடுக்கிறது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் பொறுத்தது அது. உறைவுக்கோ ஒரே தடவை போதும். ஒருமுறை உறைந்த இன்சுலினை, பிறகு உருகித் தெளிந்துவிட்டாலும், பயன்படுத்தக் கூடாது. இதை மனத்தில் கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் எளிதில் புரியும்.

திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அப்படி வைத்தால், அட்டையில் அச்சிட்ட காலாவதி நாள் வரை அது நல்ல நிலையில் இருக்கும். பயன்படுத்தத் தொடங்கிய பேனாவை அல்லது குப்பியைச் சாதாரண அறை வெப்பத்தில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வகைகளுக்கு இது 28 நாள். சில வகைகளுக்கு 42 நாள், சிலவற்றுக்கு 56 நாள் வரையும் உண்டு. வெப்ப உச்சவரம்பு சிலவற்றுக்கு 25 டிகிரி, சிலவற்றுக்கு 30 டிகிரி. எந்த வகைக்கு எவ்வளவு என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதப்பட்டிருக்கும். பேனாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்ல பழக்கம்.

பயந்து நடுங்க வேண்டியதில்லை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நண்பகல் வெப்பம் பல நாட்களில் 32, 33 டிகிரியை எட்டுகிறது. அப்படியானால் சிறிது நேரம் வெளியே இருந்தாலே இன்சுலின் கெட்டுவிடுமா? இல்லை. எல்லை கடந்த மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கென்யாவின் அகதிகள் முகாம் ஒன்றில் உள்ள வெப்பநிலையை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிச் சோதித்தன. பகலில் 37 டிகிரி, இரவில் 25 டிகிரி என்று நான்கு வாரம் இருந்த இன்சுலின், குளிரில் வைக்கப்பட்ட இன்சுலினுக்கு இணையாகவே வீரியத்துடன் இருந்தது. இந்த முடிவு 2021இல் வெளியானது.

குளிர்சாதனப் பெட்டியே இல்லாத மக்களுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு இது. வசதி உள்ளவர்கள் அலட்சியமாக இருக்கலாம் என்பது இதன் பொருள் அல்ல. நிழலில், கைப்பையில், சில மணி நேரம் இருந்த இன்சுலினைக் கண்டு பதறத் தேவையில்லை என்பதே இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

நிறுத்தி வைத்த கார்

உண்மையான ஆபத்து வெயிலில் நிறுத்திப் பூட்டிய காரில் இருக்கிறது. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பூட்டிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. வெளியே 32 டிகிரி என்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டலாம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலை ஓய்வுத் தலத்தில் இறங்கி, சாப்பிட்டு, கழிவறைக்குப் போய்த் திரும்ப அரை மணி நேரம் எளிதில் ஆகிவிடும். ஆகவே, கார் நின்றால் இன்சுலின் பையும் கூடவே இறங்க வேண்டும். முன்பக்கக் கண்ணாடியின் கீழே, கையுறைப் பெட்டியில், பின்பெட்டியில் அதை வைக்கவே கூடாது. ஓடும் காரில் முன்னிருக்கைக்குப் பின்னால், வெயில் படாத தரைப்பகுதி ஏற்ற இடம். ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் துளைக்கு முன்னாலும் வைக்க வேண்டாம்.

ஐஸ் கட்டி நண்பனா, பகைவனா?

வீட்டு உறைபெட்டியின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி. அங்கிருந்து எடுத்த ஜெல் பையோ ஐஸ் கட்டியோ இன்சுலின் பேனாவை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், தொட்ட இடத்தில் மருந்து உறைந்துவிடக் கூடும். வீட்டை விட்டுக் கிளம்பிய முதல் ஒரு மணி நேரத்திலேயே இது நடந்துவிடலாம். பெட்டியைத் திறந்து பார்க்கும்போது எல்லாம் உருகி இயல்பாகத் தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது.

தடுப்பூசிகளை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் சுகாதாரப் பணியாளர்கள் இதற்கு ஒரு எளிய வழியைக் கையாளுகிறார்கள். உறைந்த ஐஸ் பையை வெளியே வைத்துக் காத்திருக்கிறார்கள். குலுக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். அப்போது அது பூஜ்யம் டிகிரிக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகே பெட்டியில் அடுக்குகிறார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். பிறகு அந்தப் பையைத் துண்டில் சுற்றி, மருந்தை அதன் அட்டைப் பெட்டியோடு தனியே வைத்து, இரண்டுக்கும் நடுவே இன்னொரு துணியைத் திணிக்க வேண்டும். ஒரே நாள் பயணம் என்றால் ஜெல் பையை உறைய வைக்காமல், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் குளிர வைத்து எடுத்துச் செல்வதே போதும். அதில் உறைவு என்ற பயமே இல்லை.

அதுவும் இல்லையென்றால், வாயகன்ற தெர்மோஸ் குடுவை எந்த வீட்டிலும் இருக்கும். குளிர்ந்த நீரை ஊற்றிச் சற்று நேரம் வைத்துக் கொட்டிவிட்டு, உட்புறத்தைத் துடைத்து, மெல்லிய துணியில் சுற்றிய பேனாவை உள்ளே வைத்து மூடினால் சில மணி நேரத்துக்குக் கவலையில்லை.

நீரில் ஊறவைக்கும் குளிர்ப்பைகளும் மருந்தகங்களில் கிடைக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் மணிகள் நீரை உறிஞ்சிக் கூழாகின்றன. நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். இந்தப் பை இன்சுலினை 8 டிகிரிக்குக் கொண்டுவராது. பயன்பாட்டில் உள்ள பேனாவை வரம்புக்குள் வைத்திருப்பதே அதன் வேலை. ஈரப்பதம் மிகுந்த மலேசியக் காற்றில் நீர் மெதுவாகவே ஆவியாகும். எனவே அதைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. தைப்பூசத்தில் வெள்ளி ரதத்துடன் கோலாலம்பூரிலிருந்து பத்துமலை வரை நடப்பவர்களுக்கு, தோள்பையின் வெளிப்புறத்தில் தொங்கவிடக்கூடிய இத்தகைய பை பொருத்தமானது.

விமானத்திலும் ஊரிலும்

தமிழ்நாட்டுக்குப் பயணம் செய்பவர்கள் இன்சுலினைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டி தொலைந்துபோகலாம். அங்குள்ள கடுங்குளிரில் மருந்து உறைந்தும் போகலாம். 100 மில்லிலிட்டர் திரவ விதியில் பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு விலக்கு உண்டு. மருத்துவரின் கடிதமும் பெயர் ஒட்டிய மருந்துப் பெட்டியும் கையில் இருந்தால் சோதனையில் சிக்கல் இராது. சென்னைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். பயணிகள் அறையின் வெப்பநிலை மருந்துக்கு ஏற்றதே. விமானப் பணியாளரிடம் கொடுத்து ஐஸில் வைக்கச் சொல்வது வேண்டாத ஆபத்து. தேவையைப்போல் இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு கைப்பைகளில் பிரித்து வைப்பது நல்லது.

மே மாதத்தில் தமிழ்நாட்டின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். விமான நிலையத்திலிருந்து ஊர் போய்ச் சேரும் வரை கார்ப் பயணத்துக்குச் சொன்ன விதிகளே பொருந்தும். ஹோட்டல் அறையில் உள்ள சிறிய குளிர்பெட்டியில் உறைபகுதிக்கு அருகே வைக்கக் கூடாது. அறைச் சாவி அட்டையை எடுத்தால் சில ஹோட்டல்களில் அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிடும். முதலிலேயே கேட்டுக்கொள்வது உத்தமம்.

உறவினர் வீட்டில் வேறொரு சிக்கல். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். பிறர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இடம் கேட்க மனம் வராமல் மருந்தைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர்களே முன்வந்து கேட்பது சிறந்த விருந்தோம்பல். பின்சுவரை ஒட்டாமல், நடுத்தட்டில், மூடியுள்ள ஒரு டப்பாவில் பெயர் எழுதி வைத்தால் போதும்.

கெட்டுவிட்டதா என்று அறிவது எப்படி?

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். இயல்பாகவே பால்போல் இருக்கும் வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிய பிறகும் கட்டி மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படிந்ததுபோல் ஒட்டியிருந்தாலோ அதுவும் கெட்டதே. ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தும் வீரியம் குறைந்திருக்கலாம். வழக்கமான உணவு, வழக்கமான அளவு, ஆனாலும் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்றால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். சோதனைப் பட்டைகளும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டுத் தவறான அளவைக் காட்டும். அவற்றின் குப்பியையும் இறுக மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும்.

இங்கேதான் உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு நேர்கிறது. வீரியம் குறைந்த மருந்தால் சர்க்கரை இறங்காததைக் கண்டு, "கல்யாணச் சாப்பாடுதான் காரணம்" என்று எண்ணி, ஒருவர் தாமாகவே 20 யூனிட்டை 28 யூனிட்டாகக் கூட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் வீடு திரும்பிப் புதிய பேனாவைத் திறக்கிறார். அதிலும் 28 யூனிட் போடுகிறார். இப்போது மருந்து முழு வீரியத்தோடு வேலை செய்கிறது. சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம் என்று போய்விடும். ஆகவே, மருந்தின் மேல் சந்தேகம் வந்தால் அளவைக் கூட்டுவதற்கு முன் மருந்தை மாற்ற வேண்டும். அளவைப் பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். பயணப் பையில் சீனியோ இனிப்புப் பானமோ எப்போதும் இருக்க வேண்டும். சிறு வயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு, சர்க்கரை உயர்வோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்சுலினுக்குச் சொன்னதை எல்லா மருந்துக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிப் பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் மாத்திரையை அதன் கண்ணாடிக் குப்பியிலிருந்து மாற்றக் கூடாது. ஆஸ்துமா ஸ்ப்ரே சூடான காரில் வெடிக்கவும் கூடும். பயணத்துக்கு முன் மருந்தாளரிடம் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். எவ்வளவு வெப்பம் வரை தாங்கும்? வெளியே எத்தனை நாள் இருக்கலாம்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். குளிர்ச்சிக்கும் அது பொருந்தும். இன்சுலினுக்கு வேண்டியது நிழலும் மிதமான குளிர்ச்சியும், கண்பார்வையில் இருக்கும் ஓர் இடமும்தான். பலகாரப் பெட்டி பின்னால் போகட்டும். மருந்துப் பை பெரியவரின் பக்கத்திலேயே இருக்கட்டும்.