அரிசி நாட்டிலிருந்து கோதுமை நாட்டிற்கு

காவேரிப் பாசனத்தை நம்பி வாழும் தஞ்சைப் பிரதேசத்தார் வெளிதேசம் செல்வது புதிதன்று. முற்காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கு, சிங்கப்பூர் முதலிய இடங்களுக்குச் சென்றார்கள். வேறு பலர் பர்மாவுக்குச் சென்றார்கள். அவை யாவும் அரிசி உண்ணும் நாடுகள். ஆதலால் ஊர் மாறினும் சோறு மாறவில்லை. இக்காலத்தில் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் டில்லி, லண்டன், டொரான்டோ, மெல்போர்ன் முதலிய இடங்களுக்குச் செல்கிறார்கள். அங்கே கோதுமையே பிரதான ஆகாரம். இம்மாறுதல் பெரும்பாலோருக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. ஒரு சிலருக்கு மட்டும் ரொட்டியே வியாதியை உண்டாக்குகிறது. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

நோயின் தன்மை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுவது இதனாலேயே. பரம்பரையாக இந்நோய்க்கு இடங்கொடுக்கும் தேகவாகுடைய சிலருக்கு, இப்புரதம் உட்சென்றதும் உடலின் காப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. அச்சுவரில் நாற்றைப்போல் நெருங்கி நின்று சத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. வேரழுகிய பயிருக்கு இட்ட உரம் ஏறாதது போலவே, உண்ட ஆகாரத்தின் சத்தும் உடலில் சேர்வதில்லை. பேதி, வயிற்று உப்புசம், உடல் மெலிவு, சோகை, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் குறிகள். சிலருக்கு வயிற்றுக் கோளாறே இன்றிச் சோகை மட்டும் காணும். ஆலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, கோதுமையை நீக்கினால் இந்நோயுற்ற குழந்தைகள் தேறுவதை 1950ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் எடுத்துக் காட்டினார். இன்றும் ஆயுள் பரியந்தம் பத்தியமே இதற்குச் சிகிச்சை.

தெற்கே அரிதாயிருப்பதேன்?

இந்தியாவில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று இங்கே கவனிக்கத்தக்கது. வடக்கே ஆயிரம் பேருக்குச் சுமார் 8.5 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. தெற்கே ஆயிரத்துக்கு 0.11 தான். ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் பரம்பரைக் கூறு வடக்கே 38.1 சதவிகிதத்தினரிடமும் தெற்கே 36.4 சதவிகிதத்தினரிடமும் இருந்தது. நாளொன்றுக்கு உண்ணும் கோதுமையோ வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆகவே, தெற்கே நோய் குறைந்திருப்பதற்கு ஆகாரமே முக்கிய காரணம் என்று கருத இடமுண்டு. இக்கூறு உடையவர்களிலும் சிலருக்கே நோய் வரும். எனினும் சோற்றை விட்டு ரொட்டிக்கு மாறும் பிள்ளைக்குத் தொடர்ந்து பேதியோ சோகையோ கண்டால், புதுத் தண்ணீரால் வந்ததென்று விட்டுவிடலாகாது.

முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்

ஊருக்குத் திரும்பிச் சோறு உண்டால் உடம்பு தேறுகிறது. மறுபடி சென்றால் கெடுகிறது. இதைக் கண்டு வைத்தியரைக் கேளாமலே கோதுமையை நிறுத்திவிடுவோர் உண்டு. இது தவறு. ரத்தப் பரிசோதனையும், அவசியமானால் சிறுகுடலின் துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனையும் கோதுமை உண்டுவரும் காலத்திலேயே நடைபெற வேண்டும். முன்னதாக நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லையென்றே முடிவு வரக்கூடும்.

கொள்ளத்தக்கவையும் தள்ளத்தக்கவையும்

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு வகைகள் ஆகியவற்றில் இந்நோய்க்குக் காரணமான புரதம் இல்லை. இட்லியும் தோசையும் உகந்தவை. கடைகளில் குளூட்டினஸ் ரைஸ் என்று விற்கும் அரிசியும், பெயர் எப்படியிருப்பினும், பசையுள்ள அரிசியே. அதில் கோதுமைப் புரதம் கிடையாது. ரவை, மைதா, கோதுமைச் சேமியா, பார்லி மால்ட் பானங்கள் ஆகியவற்றைத் தள்ள வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது வழக்கமாதலால், சாம்பாரும் ரசமும்கூடத் தீங்காகலாம். டப்பாவிலுள்ள விவரத்தைப் படித்தே வாங்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளில் குளூட்டன் உள்ள தானியங்களைப் பொட்டலத்தில் எடுத்துக் காட்டுவது சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் கோதுமையைக் குறிப்பிடுவது கட்டாயமாயினும் பார்லிக்கு அவ்விதி இல்லை. மேலும், கப்ரா வண்டு பரவும் என்ற அச்சத்தால், இந்தியாவிலிருந்து பிரயாணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்கா 2011ஆம் ஆண்டு முதல் தடுத்திருக்கிறது. ஆதலால் மூட்டை கட்டி அனுப்புவதைவிட, அவ்விடத்துக் கடையில் அரிசி வாங்கிச் சமைக்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனுப்புவதே மேல்.

கிராமத்தார் செய்யக்கூடியது

அரிசி சுத்தமாயினும் அதன் மாவு சுத்தமென்று சொல்வதற்கில்லை. ஊர் மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரிசியை அரைத்தால் கோதுமைத் தூள் கலந்துவிடும். நோயுற்றவர் உள்ள வீட்டார் ஊறவைத்த அரிசியைச் சொந்தக் கிரைண்டரில் அரைப்பது நலம். குளூட்டன் இல்லாததென்று குறித்து அரிசிமாவு விற்க விரும்பும் குடியானவர் அதற்கெனத் தனி இயந்திரம் வைத்து, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லையென்று பரிசோதித்த பின்னரே விற்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தை மில்காரர்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், நோயுற்ற குடும்பங்களுக்குப் பேருதவியாகும்.