தீயணைப்பு வீரர் காலுக்கு எந்த பூட்ஸ்?



தீயணைப்பு வண்டி வந்தா நாம எல்லாரும் சிவப்பு வண்டியையும் தண்ணீர் பீய்ச்சுறதையும்தான் பார்ப்போம். வீரர்களோட காலை யாரும் பார்க்க மாட்டோம். ஆனால் எரிஞ்சு விழுந்த வீட்டுக்குள்ளே முதலில் நுழைவது அந்தக் கால்தான். தரையில் தணல் இருக்கும், ஆணி இருக்கும், உடைந்த ஓடு இருக்கும், சூடான தண்ணீரும் தேங்கி நிற்கும். அந்தக் காலுக்கு எப்படிப்பட்ட பூட்ஸ் வேண்டும் என்று பார்ப்போமா?

தீயணைப்பு பூட்ஸில் பார்க்க வேண்டியவை:

1. விரல் பகுதி: உள்ளே இரும்புக் கவசம் இருக்கணும். பாதுகாப்பு பூட்ஸுக்கான தரச் சோதனையில் 200 ஜூல் ஆற்றலோடு இடிப்பார்கள். நம்ம அறிவியல் பாடக் கணக்குதான் இது. 20 கிலோ இரும்பு 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 20 × 9.8 × 1 = 196 ஜூல். கிட்டத்தட்ட அந்த இடியைத் தாங்கணும்!

2. அடிப்பாகம்: ஆணி ஏறாமல் இருக்க நடுவில் தகடு வேண்டும். ஈரத் தரையில் வழுக்கக் கூடாது. சூட்டில் உருகக் கூடாது.

3. குதிகால்: தட்டையாக இல்லாமல் தனியாக எழும்பி இருக்கணும். அப்போதுதான் ஏணிப் படியில் கால் பிடிப்பாக நிற்கும்.

4. மேல்பக்கம்: இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கக் காது இருக்கும். மணி அடித்தவுடனே சட்டென்று மாட்டிக்கொள்ள இது உதவும்.

ரப்பரா, தோலா? ரப்பர் பூட்ஸில் தண்ணீர் இறங்காது, கழுவுவதும் சுலபம். ஆனால் கனம் அதிகம், கணுக்காலில் லொடலொடன்னு இருக்கும். நல்ல தோல் பூட்ஸ் காலோடு ஒட்டி நிற்கும், நடக்க லேசு. ஆனால் விலை கூட, பராமரிக்கவும் வேண்டும். முதுகில் சுமக்கிற எடையை விட காலில் கட்டின எடை பல மடங்கு சோர்வு தரும். அதனால கனமும் முக்கியம்.

ஆம்புலன்ஸ் வேலைக்கு? தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கியது. அதில் வருபவர்கள் நோயாளியைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்கணும், ரோட்டில் மண்டியிடணும். இங்கே நெருப்பு பயம் குறைவு, ரத்தம் படும் பயம் அதிகம். அதனால ரத்தம் உள்ளே ஊறாத, கழுவித் துடைக்கக்கூடிய, வழுக்காத, லேசான பூட்ஸ் போதும். பக்கவாட்டில் ஜிப் இருந்தால் அவசரத்துக்கு நல்லது. அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்பு வீரர்களே ஆம்புலன்ஸ் வேலையும் பார்க்கிறார்கள். அவர்களும் தீக்கு ஒரு ஜோடி, மற்ற வேலைக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வது உண்டு.

அளவு பார்ப்பது எப்படி? சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், அப்போது போட்டுப் பார்க்கணும். வேலையில் போடுற சாக்ஸோடு பார்க்கணும். நைலான் சாக்ஸ் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும், அதனால பருத்தி அல்லது கம்பளி நல்லது. நடக்கும்போது குதிகால் மேலே தூக்கக் கூடாது.

இதில் நம்ம மாணவிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. பெண்கள் பாதம் பொதுவாகக் குதிகாலில் குறுகலா இருக்கும். ஆண்கள் பூட்ஸிலேயே சின்ன அளவு கொடுத்தால் நீளம் சரியாக இருக்கும், அகலம் லூசா இருக்கும். ஏணியில் ஏறும்போது நழுவினால் என்ன ஆகும்? 2003-இல் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் இருவரும் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012-இல் சென்னை எழிலக வளாகத் தீயில் பிரியா ரவிச்சந்திரன் உள்ளே போய்த் தீக்காயம் பட்டார். அந்த வேலைக்கு நம்ம வகுப்பிலிருந்தும் யாராவது போகலாம். போனால் "எனக்கு அளவான பூட்ஸ் கொடுங்க" என்று கூச்சப்படாமல் கேட்கணும். அது அலங்காரத்துக்குக் கேட்பது இல்லை, உயிருக்குக் கேட்பது.

தீ என்றால் 101, ஆம்புலன்ஸ் என்றால் 108. மறக்காதீங்க!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி