டர்பைன் விமானத்தின் வாலுக்குள் ஒரு குழாய்

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "குழாய் வளைஞ்சு போச்சு, வந்து பாருங்க" என்றார். இரண்டு மீட்டர் நீள மாடல் ஜெட் அது. பேட்டரியில் ஓடும் விசிறி ரகம் அல்ல, மண்ணெண்ணெய் குடிக்கும் நிஜ டர்பைன். தரையில் கட்டிவைத்து முதல்முறையாக முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது உள்ளே இருந்த எவர்சில்வர் குழாய் நடுவில் மடங்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் நீலம் பாரித்திருந்தது. அதற்கு நேர் வெளியே, விமானத்தின் பெயின்ட் உள்ளங்கை அளவுக்குக் கொப்பளித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் விமானமே மிஞ்சியிருக்காது.

இரண்டு தவறுகள். இரண்டுமே இன்ஜினில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் வெறும் தகரக் குழாயில். அதைப் பற்றித் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், குழாய் எதற்கு? டர்பைன் கனமான பொருள். அதை வாலில் வைத்தால் விமானம் பின்பக்கம் சாய்ந்துவிடும். எடை சமநிலைக்காக உடலின் நடுவாக்கில் வைக்கிறார்கள். அப்போது வாலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு மீட்டர் தூரம்கூட வரலாம். அந்தத் தூரம் முழுக்க ஃபைபர் கிளாஸ், இபாக்சி, பிளைவுட். சாதாரண இபாக்சி 100 டிகிரிக்கு முன்னாலேயே இளக ஆரம்பித்துவிடும். இன்ஜினிலிருந்து வரும் காற்றோ 600 டிகிரி அளவில் இருக்கும். வேகமும் கொஞ்சநஞ்சமல்ல. 100 நியூட்டன் தள்ளும், அதாவது சுமார் 10 கிலோ விசை தரும் டர்பைன், நொடிக்குக் கால் கிலோ காற்றை விழுங்குகிறது என்று வையுங்கள். விசையை அந்தக் கால் கிலோவால் வகுத்தால் நொடிக்கு 400 மீட்டர். மணிக்கு 1,440 கிலோமீட்டர்!

இந்த நெருப்பு ஆற்றை உடலைத் தொடாமல் வெளியே கொண்டுபோவதுதான் குழாயின் வேலை.

விசேஷம் என்னவென்றால், குழாயை இன்ஜினோடு ஒட்டிப் பொருத்துவதில்லை. இன்ஜினின் வாய்க்கும் குழாயின் வாய்க்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடுகிறார்கள். குழாயின் முன்வாய் நாதஸ்வரத்தின் கீழ்ப்பகுதி போல விரிந்திருக்கும். எனக்கு இது முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. நெருப்பு வழியில் சந்து விடுவார்களா?

பதில் நம் வீட்டு சமையலறையிலேயே இருக்கிறது. கேஸ் அடுப்பின் அடியில் பாருங்கள். சின்ன ஜெட்டிலிருந்து கேஸ் பீய்ச்சி, கொஞ்சம் தள்ளியிருக்கும் பர்னர் குழாய்க்குள் போகிறது. நடுவே இருக்கும் இடைவெளி வழியாகச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வேகமாக ஓடும் காற்று பக்கத்தில் சும்மா நிற்கும் காற்றைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது. டர்பைனிலும் அதேதான். விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் குளிர்ந்த காற்று இந்தச் சந்து வழியே உறிஞ்சப்பட்டு, சூடான ஓட்டத்துக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே ஒரு போர்வை போல ஓடும். பல குழாய்களில் வெளியே இன்னொரு அலுமினியச் சுவரும் உண்டு. இரண்டு சுவருக்கும் நடுவிலும் காற்றுதான். உள் எஃகின் கனம் வெறும் 0.3 மி.மீ. அளவு. தகடு மெலிசு, காப்பாற்றுவது காற்று.

சந்து குறுகலாக இருந்தால் குளிர்காற்று போதாது. அகலமாக இருந்தால் சூடான ஓட்டம் விரிந்துபோய்க் குழாயின் உதட்டில் மோதி உடலுக்குள் சிதறும். எவ்வளவு விடவேண்டும் என்பது இன்ஜினோடு வரும் கையேட்டில் இருக்கும். அங்கே நம் புத்திசாலித்தனத்தைக் காட்டக் கூடாது. அதோடு, உறிஞ்சப்படும் காற்று உள்ளே வருவதற்கு முன்பக்கத் துவாரங்களும் போதுமான அளவு வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுக்குள் அழுத்தம் குறைந்து, வெளியே போகவேண்டிய சூடே திரும்பி வரும். அதை இன்ஜின் மறுபடி மூச்சாக இழுத்தால் வெப்பம் இன்னும் ஏறும்.

இப்போது நண்பரின் முதல் தவறு. நீலத் திட்டு ஏன் ஒரு பக்கம் மட்டும்? எஃகு சூடாகும்போது முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அப்புறம் நீலம் என்று மாறும். நீலம் என்றால் அங்கே சூடு அதிகம். இன்ஜின் அச்சும் குழாயின் அச்சும் ஒரே கோட்டில் இல்லை, ஓட்டம் ஒரு சுவரை உரசியபடி போயிருக்கிறது. வால் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியவேண்டியது, பிறை நிலா மாதிரி ஒதுங்கித் தெரிந்தது. குழாயின் இரண்டு முனைக்கும் அட்டையில் வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, நூல் கட்டி அளந்ததில் 3 மி.மீ. விலகல். இன்ஜின் காலுக்கு அடியில் வாஷர் கொடுத்துச் சரிசெய்ய ஒரு மதியம் முழுக்கப் போனது.

இரண்டாவது தவறுதான் குழாயை மடக்கியது. "ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டா இன்னும் கெட்டியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் பரிதாபமாக. எவர்சில்வர் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.017 மி.மீ. நீளும். குழாய் 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 7 மி.மீ.! இரண்டு முனையையும் கட்டிப்போட்டால் அந்த 7 மி.மீ. எங்கே போகும்? நடுவில் புடைத்துக்கொண்டு வரும். அதனால் முன்முனையை மட்டும் இறுக்கி, பின்முனையை ஒரு வளையத்துக்குள் நழுவும்படி விடவேண்டும்.

நேர்க்குழாய்க்கே இந்தப் பாடு. நம் கடற்படை விக்ராந்திலிருந்து பறக்கவிட்ட சீ ஹாக்கில் ஒரே இன்ஜினின் புகை இரண்டாகப் பிரிந்து, இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் வெளியேறும். அதை மாடலாகச் செய்பவர்கள் கவட்டைக் குழாய் போடவேண்டும். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இன்னொரு விஷயம். ஸ்டார்ட் ஆகாமல் போனால் எரியாத எண்ணெய் குழாயில் தேங்கும், அந்தச் சந்து வழியே உடலுக்குள்ளும் சொட்டும். மூக்கைத் தூக்கி வால் வழியாக வடித்துவிட்டு, உள்ளேயும் துடைத்த பிறகுதான் மறுபடி முயற்சிக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் வைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு ரகம் வையுங்கள். பவுடர் ரகம் தீயை அணைக்கும், இன்ஜினையும் சேர்த்து முடித்துவிடும்.

புதுக்குழாய் மாட்டி, போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டினோம். ஐந்து நிமிடம், அதில் ஒரு நிமிடம் முழு வேகம். அணைத்ததும் நண்பர் கொப்பளித்த இடத்தில் கையை வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெதுவெதுப்புதான் என்றார். பெயின்டை மட்டும் இன்னும் அவர் சரிசெய்யவில்லை.