எல்லை அறியாப் பகை

ஒரு நாட்டின் எல்லையை மலையும் ஆறும் காக்கலாம், படையும் காக்கலாம். நோய்க் கிருமிகளோ எவ்வெல்லையையும் மதிப்பதில்லை. மக்களோடு மக்களாய் நாடு விட்டு நாடு செல்லும். ஆதலின், அண்டை நாட்டின் நலத்தைக் கருதாத நாடு தன்னையும் காத்துக்கொள்ள இயலாது.

இவ்வுண்மையை உணர்ந்து 1948ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அண்டை நாடுகள் கூடிச் செயற்படும் பொருட்டு உலகம் ஆறு மண்டலங்களாக வகுக்கப்பட்டது. அவற்றுள் தென்கிழக்கு ஆசிய மண்டலத்தின் அலுவலகம் 1949ஆம் ஆண்டில் புதுதில்லியில் பணி தொடங்கியது.

இடம் அளித்ததோடு இந்தியா நின்றுவிடவில்லை. காசநோயாளர் நெடுநாள் மருத்துவ விடுதியில் தங்கியே சிகிச்சை பெறல் வேண்டும் என்பது அக்காலத்துக் கருத்து. ஏழை நாடுகளில் அத்துணை விடுதிகள் ஏது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி 1956இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. வீட்டிலிருந்தே முறையாக மருந்துண்டவர்களும் விடுதியில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர் என 1959இல் அந்நிலையம் மெய்ப்பித்தது. அம்முடிவு பல நாடுகளின் காசநோய்க் கொள்கையை மாற்றியமைத்தது.

இவ்வாறு வழிகாட்டிய இந்தியாவுக்காக அண்டை நாடுகள் காத்திருந்த காலமும் உண்டு. இளம்பிள்ளைவாதம் ஒழிந்ததென்னும் சான்று தனி நாட்டுக்கு வழங்கப்படுவதில்லை. மண்டலம் முழுமைக்குமே வழங்கப்படும். இலங்கையில் 1993ஆம் ஆண்டோடு அந்நோய் மறைந்தது. இந்தியாவிலோ 2009ஆம் ஆண்டில் மட்டும் 741 பேர் அதற்கு ஆளாயினர்.

1995இல் தொடங்கிய சொட்டு மருந்து இயக்கம் மேலும் முடுக்கிவிடப்பட்டது. பணியாளர்கள் குளிர்ப்பெட்டிகளைச் சுமந்து வீடுதோறும் சென்றனர். இரயில் நிலையங்களிலும் செங்கற்சூளைகளிலும் குழந்தைகளைத் தேடினர். மருந்துண்ட குழந்தையின் சுண்டுவிரலில் மையிட்டனர். ஒரு குழந்தை விடுபட்டாலும் கிருமிக்கு அதுவே வாயிலாகும் அன்றோ?

2011ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரு குழந்தையை அந்நோய் பற்றியது. அதன்பின் இந்தியாவில் அக்காட்டு நச்சுக்கிருமியால் எக்குழந்தையும் முடமாகவில்லை. மூன்றாண்டுக் கண்காணிப்புக்குப் பின், 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், அன்று மண்டலத்தில் இருந்த பதினொரு நாடுகளும் ஒருங்கே சான்று பெற்றன.

பக்கத்து வீட்டில் தீப்பற்றினால் நம் கூரைக்கும் ஆபத்து. அத்தீயை அணைக்க நீர் சுமப்பது ஈகை மட்டுமன்று, தற்காப்பும் ஆகும். நம் வீட்டில் கனலும் பொறியை அணைப்பதோ அண்டை வீட்டார்க்கு நாம் ஆற்றும் முதற்கடமையாகும்.