உட்புறம் திரும்பிய தூபி

பௌத்தப் பண்பாட்டுக்கு ஓர் அருங்காட்சியகம் கட்டினால் அதன் கூடங்கள் எப்படி இருக்க வேண்டும்? கட்டடக் கலைஞர்களைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: நகர்த்தக்கூடிய தடுப்புகள், கூரையில் ட்ராக் லைட், தரையெங்கும் மின் இணைப்பு, கல்லின் கனத்தைத் தாங்கும் தளம். எல்லாம் சரி. அந்தத் தடுப்பு வளையுமா?

ஆந்திராவின் அமராவதி தூபியையே எடுத்துக்கொள்வோம். கும்பிட வந்தவர்கள் சுற்றிலும் இருந்த கல்வேலிக்கும் தூபிக்கும் நடுவே இருந்த பாதையில் வலம் வந்தார்கள். வலக்கைப் பக்கம் தூபியின் அடிமேடையைப் போர்த்திய பலகைகள், இடக்கைப் பக்கம் வேலித் தூண்களின் உட்புறச் சிற்பங்கள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது நடந்தால்தான் தெரியும். அதே பலகைகளை நேர்ச் சுவரில் வரிசையாக நிறுத்தினால், ரேஷன் கடைப் பலகையைப் படிப்பதுபோல் ஒரு பார்வையில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

1845-ல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அங்கே தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்கு வந்தன. அவற்றில் பல 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறின. ('அமராவதி மார்பிள்' என்பது பழகிப்போன பெயர், கல் என்னவோ சுண்ணாம்புக்கல்தான்.) சென்னை அருங்காட்சியகத்தில் சேர்ந்த பலகைகளை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவரிலேயே பதித்துப் பூசினார்கள். அந்தக் காலத்தில் பத்திரம் என்றால் அதுதான். ஆனால் பூச்சில் இருக்கும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் இறங்கி, காயும்போது மேற்பரப்பை உதிர்க்கும். பெயர்த்தெடுக்கலாம் என்றால் கல்லே விரிசல் விடுமோ என்ற பயம். லண்டன் போனவை 1992 முதல் கண்ணாடிக்குப் பின்னே, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் இருக்கின்றன. கல் பிழைத்தது, வலம் வர அங்கும் வழியில்லை.

இனி கட்டும் கூடத்தில் ஒவ்வொரு பலகைக்கும் தனி எஃகுச் சட்டம் வேண்டும். பசையோ பூச்சோ கூடாது. துருப்பிடிக்காத கொக்கிகள் மட்டும் தாங்க வேண்டும். சட்டங்களைத் தரையில் வில்லாக நிறுத்த முடிய வேண்டும். கல் வெளிப்புறம் பார்க்க வேண்டும், பார்ப்பவர் அதைச் சுற்றி நடக்க வேண்டும். பெரிய தூபியின் வளைவு மெல்லியது என்பதால், முழு வட்டத்துக்கு இடமில்லாவிட்டாலும் ஒரு கால்பகுதி போதும்.

கூடத்தில் வைக்கும் மற்றப் பொருள்களுக்கு இவ்வளவு தொல்லையில்லை. 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலங்களில் பல கைக்கடக்கமானவை. கண் மட்டத்தில் பீடமும் பக்கவாட்டு வெளிச்சமும் இருந்தால் போதும். ஓலைச்சுவடிக்கும் திபெத்தியத் துணி ஓவியத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை அவற்றை இறக்கி ஓய்வு கொடுத்து, வேறொன்றை ஏற்ற வேண்டும். தடுப்புகள் நகர வேண்டியது இதற்காகத்தான்.

பழங்கல்லை அடிக்கடி நகர்த்துவது ஆபத்து என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஒருமுறை வளைவாக நிறுத்திவிட்டு அப்புறம் தொடாமல் விடுங்கள்.

அடுத்த முறை சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வலம் வருபவர் போலவே அடிமேடைப் பலகைகளை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடங்கள். நீங்கள் கூடத்தைச் சுற்றி நடந்தது வலமாக அல்ல, இடமாகத்தான் இருக்கும்.